செயின்ட் ஜான்ஸில் தனியாக நடப்பவர்



கனடாவின் கிழக்குக் கோடியில், நியூஃபவுண்ட்லாந்து தீவில் இருக்கிறது செயின்ட் ஜான்ஸ் என்ற துறைமுக நகரம். அங்குள்ள மெமோரியல் பல்கலைக்கழகத்துக்கு நம் பிள்ளைகளும் படிக்கப் போகிறார்கள். நானும் அப்படிப் போனவன்தான். போன புதிதில் பலரும் வகுப்பு, நூலகம், விடுதி அறை என்று அடைந்து கிடப்பார்கள். துணைக்கு ஆள் சேர்ந்தால் ஊர் பார்க்கலாம் என்று நாளைத் தள்ளுவார்கள். காத்திருக்க வேண்டாம், கிளம்புங்கள் என்பேன். தனியாக வருகிறவரிடம்தான் அந்த ஊர் முகம் கொடுத்துப் பேசும்.

பேருந்தில் வாட்டர் ஸ்ட்ரீட் வந்து இறங்கினால் துறைமுகம். சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக மர வீடுகள் மேட்டில் வரிசை கட்டி நிற்கும். இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஒரு குறுகிய வாய் வழியாகத்தான் கடல் உள்ளே வருகிறது. எதிரிக் கப்பல் நுழையாதபடி ஒரு காலத்தில் அந்த வாயின் குறுக்கே சங்கிலி கட்டியிருந்தார்கள்.

வடகரையில் பேட்டரி என்றொரு குடியிருப்பு. சிக்னல் ஹில் குன்றைச் சுற்றி ஏறும் ஒற்றையடிப் பாதை அங்கே தொடங்குகிறது. யாரோ ஒருவர் வீட்டு முன்புறத்தைக் கடந்துதான் அந்தப் பாதையில் கால் வைக்க முடியும். அந்த வீட்டார் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. கொஞ்ச தூரத்தில் பாதை ஓர் ஆள் போகும் அளவுக்குச் சுருங்கிவிடும். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் நேரே கடல். பாறையில் இரும்புச் சங்கிலி அடித்து வைத்திருக்கிறார்கள். கோடையிலும் அது கையில் சில்லென்று ஏறும். அதைப் பிடித்தபடி பாறைப் பக்கம் சாய்ந்து அடி மேல் அடி வைக்க வேண்டும். பனி உறைந்த நாளில் அந்தப் பக்கம் போகவே கூடாது. மற்ற நாளிலும் யாரிடமாவது சொல்லிவிட்டே போக வேண்டும்.

நான் அம்மாவிடம் சொல்வேன். நம்மைப் போலவே அவர்களுக்கும் அரை மணிக் கணக்கு உண்டு; அதனால் கோடையில் நமக்கும் அவர்களுக்கும் சரியாக 8 மணி நேர வித்தியாசம். அங்கே காலை 9 மணி என்றால் வீட்டில் மாலை 5 மணி, அம்மா காபி போடும் நேரம்.

ஏறி முடித்தால் உச்சி. வானொலியில் பேசும்போது அந்த உச்சியைச் சொல்லாமல் எப்படி இருப்பது? 1901 டிசம்பர் 12 அன்று மார்க்கோனி அங்கேதான் பட்டம் விட்டு, அதில் கட்டிய கம்பியையே ஆன்டெனாவாக்கினார். அட்லாண்டிக்குக்கு அப்பால் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து அனுப்பிய மூன்று புள்ளிகள், அதாவது மோர்ஸ் குறியீட்டின் எஸ் எழுத்து, காதில் விழுந்ததாக அறிவித்தார். அதற்கு முன் ஒரு பலூனையும் ஒரு பட்டத்தையும் காற்று பறித்துக்கொண்டு போயிருந்தது. அந்தக் காற்று இன்றும் சட்டையைப் பிடித்து இழுக்கிறது.

குன்றின் மறுபுறம் இறங்கினால் கிடி விடி, நகரத்துக்குள்ளேயே ஒரு மீனவச் சிற்றூர். காட் மீன் அருகிப்போனதால் 1992-இல் அரசு அந்த மீன்பிடிப்பைத் தடை செய்தது. சுமார் 30,000 பேர் பிழைப்பை இழந்தார்கள். அங்கே படகைச் சீர் செய்துகொண்டிருந்த ஒரு பெரியவர் எந்த ஊர் என்று கேட்டார். தமிழ்நாடு, தமிழ் பேசுகிறவன் என்றேன். கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, “தமிழரா? அந்தப் படகுகளைப் பற்றித் தெரியுமா?” என்றார்.

1986 ஆகஸ்ட் 11. இலங்கைத் தமிழர் 155 பேர், அகதிகளாக இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நெருக்கியடித்து, நியூஃபவுண்ட்லாந்தின் தென்கரையருகே பனிமூட்டத்தில் மிதந்துகொண்டிருந்தார்கள். கஸ் டால்டன் என்ற மீனவர் அவர்களைக் கண்டார். மற்ற படகுகளும் வந்து சேர்ந்தன. அத்தனை பேரும் உயிரோடு கரையேறினார்கள். செயின்ட் ஜான்ஸுக்கு அழைத்து வந்து தங்கவைத்தது, நான் படித்த அதே மெமோரியல் பல்கலைக்கழக விடுதிகளில். அந்த வளாகத்திலேயே குடியிருந்தும் அதுவரை யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை. நாலு பேராய் எங்களுக்குள் பேசிச் சிரித்தபடி வந்திருந்தால், பெரியவர் தலையை அசைத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். ஒருவனாய் நின்றேன், ஊர் கேட்டார்.

இந்த ஆண்டு அங்கே படிக்கப் போகிறவர்கள் கிடி விடி வரைக்கும் நடந்து போங்கள். வயதான மீனவர் யாரையாவது பார்த்தால் 1986-ஐப் பற்றிக் கேளுங்கள்.