மேகத்துக்குள் மூன்று நிமிடம்



அண்மையில் என் ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவனைச் சுழல் நாற்காலியில் உட்கார வைத்து, துணியால் கண்ணைக் கட்டி, மெதுவாகச் சுற்றினேன். "எந்தப் பக்கம் சுற்றுகிறாய்?" என்று கேட்டேன். "இடப்பக்கம், சார்" என்று சரியாகச் சொன்னான். வேகத்தைக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சுற்றிக்கொண்டிருந்தேன். அரை நிமிடம் கழித்து மறுபடி கேட்டேன். "நின்றுவிட்டது, சார்" என்றான். நாற்காலி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. பிறகு நாற்காலியைப் பிடித்து நிறுத்தினேன். "இப்போது வலப்பக்கம் போகிறேன்!" என்று கத்தினான். வகுப்பே சிரித்தது.

பையன் பொய் சொல்லவில்லை. அவனுடைய காதுதான் அவனை ஏமாற்றியது. செம்பனைத் தோட்டங்களில் சிறு விமானம் தாழப் பறந்து உரம் தூவுவதைப் பார்த்தவர்கள் உங்களில் இருக்கலாம். அப்படிப்பட்ட சிறு விமானங்களை ஓட்டியவர்களில் எத்தனையோ பேர், மோசமான வானிலையில், இதே ஏமாற்றத்தால் உயிர் இழந்திருக்கிறார்கள். இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

நம் உட்காதில் வளைந்த குழாய்கள் மூன்று உள்ளன. அவற்றுள் ஒரு வகை நீர் இருக்கிறது. பால் வாளியை நினைத்துக்கொள்ளுங்கள். வாளியை இருந்த இடத்திலேயே திருகினால், உள்ளே இருக்கும் பால் உடனே சுற்றாது. சற்று நேரம் கழித்துத்தான் வாளியோடு சேர்ந்து சுற்றும். வாளியை நிறுத்தினாலும் பால் சுற்றிக்கொண்டே இருக்கும். காதில் நடப்பதும் இதுதான். நீரும் குழாயும் ஒரே வேகத்தில் போகத் தொடங்கியதும் நாம் அசையாமல் இருப்பதாக மூளை முடிவு செய்துவிடுகிறது.

இன்னொன்று. அதே வாளியைக் கையில் பிடித்துத் தலைக்கு மேலே வேகமாகச் சுழற்றினால் பால் கொட்டுவதில்லை அல்லவா? விமானம் சாய்ந்து வளையும்போதும் அப்படித்தான். கோப்பையில் இருக்கும் தேநீர்கூடச் சிந்தாமல் நிற்கும். சாய்ந்திருப்பவனுக்கு நேராக உட்கார்ந்திருப்பதாகவே தோன்றும். வெயில் நாளில் கண் வெளியே பார்த்து, "அதோ தொடுவானம், நீ சாய்ந்திருக்கிறாய்" என்று திருத்திவிடும். மேகத்துக்குள்ளோ புகைமூட்டத்துக்குள்ளோ அந்தத் தொடுவானம் இல்லை.

அமெரிக்க அதிபர் ஜான் கென்னடி 1963-ஆம் ஆண்டு சுட்டுக் கொல்லப்பட்டபோது, தகப்பனாரின் சவப்பெட்டிக்கு மூன்று வயது மகன் சல்யூட் வைத்த படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அந்த மகன் வளர்ந்து, 38 வயதில், 1999-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் தேதி இரவு 8.38 மணிக்குத் தம்முடைய ஒற்றை இயந்திர பைப்பர் விமானத்தில் புறப்பட்டார். கூடவே மனைவியும் மனைவியின் அக்காளும். மறுநாள் உறவினர் வீட்டுக் கல்யாணம். வழியில் மார்த்தாஸ் வின்யார்ட் என்ற தீவில் மைத்துனியை இறக்கிவிட வேண்டும்.

அன்று புயல் இல்லை, மழை இல்லை. விமான நிலையங்கள் தந்த அறிக்கையும் பறக்கக்கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் கடல்மேல் புகைபோன்ற மூட்டம். கரையோர விளக்குகள் தெரிந்தவரை கவலை இல்லை. கடைசிப் பகுதி திறந்த கடல். கீழே கறுப்பு, மேலே கறுப்பு, நடுவே கோடு இல்லை. அதே இரவில் அங்கே பறந்த வேறொரு விமானி, தீவின் விளக்குகள் தெரியாததால், அங்கே மின்சாரம் தடைபட்டதோ என்று நினைத்தாராம்.

கென்னடியின் விமானம் வலப்பக்கம் சாய்ந்து, நிமிடத்துக்கு 4,700 அடிக்கும் மேலான வேகத்தில் கடலில் விழுந்தது. மூவரும் மாண்டனர். இயந்திரத்தில் கோளாறு எதுவும் அகப்படவில்லை. இருட்டும் மூட்டமும் சேர்ந்து விமானிக்குத் திசையுணர்வு தப்பியதே காரணம் என்று அந்நாட்டு விசாரணை வாரியம் முடிவு செய்தது. வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டும் பயிற்சியை அவர் தொடங்கியிருந்தார், முடிக்கவில்லை.

இப்படி விழுவதில் ஒரு கொடுமை உண்டு. விமானம் சிறிது சாய்கிறது, காது அறியாது. மூக்கு தாழ்கிறது, வேகம் கூடுகிறது. "இறங்குகிறோமே" என்று விமானி கைப்பிடியைத் தன் பக்கம் இழுக்கிறார். சாய்ந்திருக்கும் விமானம் அதனால் மேலே ஏறாது, வளைவுதான் இறுகும். தப்பிக்கச் செய்வதே கீழே தள்ளுகிறது.

1954-இல் இலினோய் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாதபடி மறைத்துவிட்டு ஓட்டச் சொன்னார்கள். அருகில் ஆசிரியர் இருந்ததால் யாருக்கும் ஆபத்தில்லை. இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 விநாடிகள். மூன்று நிமிடத்துக்கு இரண்டு விநாடி குறைவு!

நம் நாட்டு வானமும் இலேசானதல்ல. பிற்பகலில் எழும் இடிமேகம் ஐம்பதாயிரம் அடியையும் தாண்டி நிற்கும். அதிலிருந்து இருபது மைலாவது விலகிப் போகவேண்டும் என்பார்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்திரா பக்கமிருந்து வரும் காற்றும் மழையும் நமக்குத் தெரியும். அன்றைக்குப் பால் வெட்டு இல்லை. பலருக்குத் தெரியாதது ஒன்று: மோட்டார் சைக்கிளில் உள்ளதுபோல் பல சிறு விமானங்களிலும் கார்புரேட்டர் உண்டு. காற்று அதனுள் விரியும்போதும் பெட்ரோல் ஆவியாகும்போதும் குளிர்ச்சி இருபது டிகிரிக்கு மேல்கூட இறங்கும். ஈரக் காற்றாக இருந்தால், வெளியே 25 டிகிரி வெப்பம் இருக்கும்போதே உள்ளே பனிக்கட்டி படிந்து இயந்திரம் திணறும். சூடான காற்றை உள்ளே விட ஒரு குமிழ் உண்டு. அதை நேரத்தில் இழுக்க வேண்டும்.

சரி, தெரிந்தும் ஏன் போகிறார்கள்? அதை ஆணவம் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. ஓர் அடைமழை நாளில், தோட்டத்து ஆற்றுப் பாலத்தின்மேல் வெள்ளம் ஓடும்போது நானே மோட்டார் சைக்கிளை இறக்கினேன். அக்கரையில் வீடு, விளக்குகூடத் தெரிந்தது. தினமும் போகும் வழிதானே என்ற நினைப்பு. நடுவில் இயந்திரம் நின்றது. பின்னாலிருந்து ஒரு பெரியவர், "வாத்தியாரே, வண்டியை விட்டுட்டுத் திரும்பி வாங்க!" என்று சத்தம் போட்டார். வண்டி போய்விட்டது. அன்றிரவு அவர் வீட்டில்தான் சாப்பாடு.

ஆகாயத்தில் அப்படிச் சத்தம் போட ஆள் இல்லை. ஆகவேதான் இலினோயில் அந்த இருபது பேருக்கும் பிறகு ஒரே பாடத்தைக் கற்றுக்கொடுத்தார்கள்: கண் மறைந்தால், கருவியைப் பார்த்து, மெதுவாக ஒரு அரைவட்டம் போட்டு, வந்த திசைக்கே திரும்புவது. பயிற்சிக்குப் பின் ஏறக்குறைய ஒவ்வொரு தடவையும் அவர்களால் அது முடிந்தது.

வாளிச் சோதனையை வீட்டில் செய்து பார்க்க விரும்பும் பிள்ளைகள் பாலை வீணாக்காமல் தண்ணீரில் செய்யுங்கள்.