படம் பார்க்குமுன் கையைப் பிடித்துப் பாருங்கள்
(காஞ்சிபுரம் ஆதரவாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"நல்ல ஸ்கேன் இயந்திரம் வந்துவிட்டால் எந்த நோயையும் கண்டுபிடித்துவிடலாம் அல்லவா?" என்று உங்களில் பலர் அன்போடு கேட்கிறீர்கள். ஸ்கேன் தேவைதான். ஆனால் படமே ஏமாற்றக்கூடிய ஓர் அபூர்வ நோயைப் பற்றி இன்று சொல்ல விரும்புகிறோம்.

பிள்ளையார்பாளையத்து நெசவுத் தெருவிலிருந்து ஓர் இளம் சகோதரி வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருமல், மூச்சு வாங்குதல், சில சமயம் சளியில் இரத்தம். எக்ஸ்ரேயில் ஒரு நிழல். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருப்பதால், காசநோய் என்று சந்தேகிப்பது நியாயமே. சளியில் கிருமி தென்படாவிட்டாலும் ஆறு மாத மாத்திரையைத் தொடங்கிவிடுவதுண்டு. ஆனால் நுரையீரலுக்குச் செல்லும் தமனியின் சுவர் அழற்சியால் தடித்து, இரத்தம் எட்டாமல் ஒரு பகுதி பட்டுப்போனாலும் இதே போன்ற நிழல் விழும்.

இதுவே தகாயாசு நோய். ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிதோ தகாயாசு 1908இல் ஓர் இளம்பெண்ணின் கண்ணில் இதன் அடையாளத்தை விவரித்தார். பெரும்பாலும் இளம்பெண்களையே தாக்குகிறது, ஆசியாவில் அதிகம்.

அடுத்த படமும் தடம் மாற்றலாம். நுரையீரலில் காற்றும் இரத்தமும் எங்கெங்கே போகின்றன என்று காட்டும் ஐசோடோப் ஸ்கேனில், இரத்தம் எட்டாத இடம் வெறுமையாகத் தெரியும். அடைத்திருப்பது உறைந்த இரத்தமா, தடித்த சுவரா என்று அது சொல்லாது. சி.டி. படத்திலும் குழாயின் உட்புறத்தை மட்டும் பார்த்தால் இரத்தக்கட்டி என்றே எழுதிவிடலாம். சுவரையும் மகாதமனியின் கிளைகளையும் தேடிப் பார்க்கவேண்டும். பெயர் மாறினால் மருந்தும் மாறுகிறதே! கட்டிக்கு இரத்தம் உறையாதிருக்கும் மருந்து. தகாயாசு நோய்க்கு ஸ்டீராய்டு. உடன் காசநோயும் இருந்தால் ஸ்டீராய்டு அதைக் கிளறிவிடும், எனவே அவசரமும் ஆகாது.

செலவில்லாத துப்பு கையில் இருக்கிறது. இரு கைகளிலும் நாடி பார்த்து, இரு கைகளிலும் பிரஷர் எடுக்கவேண்டும். மேல் அளவில் 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருப்பது, 1990இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் வகுத்த அடையாளங்களில் ஒன்று. "தார் சுற்றும்போது ஒரு கை சீக்கிரம் ஓய்ந்துபோகிறது" என்று அந்தச் சகோதரி சொன்னால், வேலைக் களைப்பு என்று தள்ளிவிடலாகாது. நுரையீரல் தமனி மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் நாடி சரியாகவே இருக்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

இந்நோயாளிகளை நெடுங்காலமாகக் கவனித்துவரும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி நமக்குப் பக்கம்தான். ஆனால் கோர்வைப் புடவைக்கு இருவர் வேண்டும். ஒருவர் வேலூருக்குப் போனால் தறி நிற்கும், கூலியும் நிற்கும். அதனால் சீட்டு எழுதுமுன் வீட்டாரையும் உட்காரவைத்து, எதற்காக அனுப்புகிறோம் என்று விளக்குகிறோம்.