பழைய கார் ஒன்று வாங்கிய கதை

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "ஏதாவது டெக்னிக்கலாப் பேசுப்பா, ஆனா யாரும் தூங்கிடக் கூடாது" என்றார். என் வேலையைப் பற்றிப் பேசினால் எனக்கே தூக்கம் வரும். ஆகவே என் பழைய காரைப் பற்றிப் பேசுகிறேன்.

நான் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். கார் பாகங்களைக் கம்ப்யூட்டர் திரையில் வரைவதுதான் தொழில். எங்கள் தெருப் பையன் ஒருவன், பாலிடெக்னிக் படிக்கிறவன், ஒரு நாள் வந்து "அண்ணா, டிபரன்ஷியல் எப்படி வேலை செய்யுது?" என்று கேட்டான். பேப்பரில் படம் போட்டு, சூத்திரம் எழுதி, அரைமணி நேரம் விளக்கினேன். அவன் விழித்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் அது புரிந்ததில்லை. இந்தக் கல்லூரியில் அதைப் பதினாறு மார்க் கேள்வியாக எழுதிப் பாஸானவன்தான் நான். ஒரு வண்டியின் அடியில்கூடப் படுத்ததில்லை. அன்றைக்குத்தான் பழைய கார் ஒன்று வாங்கிக் கையாலேயே பிரித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். அதிலும் பின்சக்கரம் தள்ளும் வண்டியாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

ஏன் பின்சக்கரம்? நம் ஊர்த் தேரைப் பாருங்கள். வடம் பிடித்து முன்னால் இழுப்பவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தாலும், நின்ற தேரைக் கிளப்புகிறவர்கள் பின்னால் கட்டை போட்டு நெம்பும் நாலு பேர்தான். ஆனால் என் காரணம் அதுவல்ல. இன்றைய சின்னக் கார்களில் இன்ஜினைக் குறுக்கே வைத்து, கியர் பாக்ஸையும் டிபரன்ஷியலையும் ஒரே கூட்டுக்குள் அடைத்து, முன்சக்கரத்துக்கே சக்தி கொடுத்துவிடுகிறார்கள். இடமும் எடையும் மிச்சமாகும், நல்ல ஏற்பாடுதான். 1983-இல் மாருதி 800 வந்த பிறகு நம் நாடே அந்தப் பக்கம் திரும்பியது. ஆனால் கற்றுக்கொள்கிறவனுக்கு அதில் கையும் நுழையாது, கண்ணும் நுழையாது. பழைய வண்டியிலோ முன்னால் இன்ஜின், அடுத்துக் கிளட்ச், கியர் பாக்ஸ், நீளமாக ஒரு பிராபெல்லர் ஷாப்ட், கடைசியில் டிபரன்ஷியல் என்று எல்லாம் வரிசையாக இருக்கும். புத்தகத்துப் படத்தை அப்படியே தரையில் நீட்டிப் போட்ட மாதிரி.

சரி, எந்த வண்டி? முதலில் எனக்கு ஆசை ஸ்டாண்டர்டு ஹெரால்டு மேல். நம் பக்கத்து வண்டி அது. சென்னையை அடுத்த பெருங்களத்தூர்த் தொழிற்சாலையில் 1961 முதல் செய்தார்கள். முன்பக்க மூடி மொத்தமாகத் தலைகுப்புறக் கவிழும், இன்ஜினுக்குப் பக்கத்தில் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். தனிச் சேஸிஸ் வேறு. ஆனால் ஒரு கதவு நசுங்கினால் இன்னொரு கதவுக்கு ஊர் ஊராக அலைய வேண்டும். முதல் வண்டிக்கு அது வேண்டாம் என்று விட்டேன்.

அம்பாஸிடர் 2014 வரை வந்ததால் பாகத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் எங்கள் தெருவில் அதை நிறுத்தினால் எதிர்வீட்டுக்காரர் சைக்கிளைக்கூட வெளியே எடுக்க முடியாது. மாருதி ஆம்னியும் பின்சக்கர வண்டிதான், பலருக்குத் தெரியாது. 2019 வரை செய்தார்கள், விலை குறைவு, பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். பணம் மிகக் குறைவாக இருக்கிற மாணவர்களுக்கு நான் சொல்வது ஆம்னிதான். இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருப்பதால் முதுகு கொஞ்சம் வலிக்கும். அதோடு நின்று யாரும் போட்டோ எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

இவ்வளவும் யோசித்த நான் கடைசியில் வாங்கியது காண்டெஸா! ஆசை யாரை விட்டது? 1984-இல் வந்த வண்டி, இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் விக்டரின் உடம்பு. முதலில் அம்பாஸிடரின் 1489 சி.சி. இன்ஜினைப் போட்டார்கள், உடம்புக்கு அது போதவில்லை. பிறகு இசுசுவின் 1817 சி.சி. இன்ஜின் வந்தது. வெளியூர்த் தரகர் ஒருவர் காட்டிய வண்டி புதுப் பெயிண்டில் பளபளவென்றிருந்தது. 95,000 ரூபாய் கொடுத்தேன். என் மனைவி சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் அதில் பாதி. ஆர்.சி. புதுப்பிக்கப் போனபோதுதான் தெரிந்தது, புத்தகத்தில் பெட்ரோல், மூடியைத் திறந்தால் டீசல் இன்ஜின்! யாரோ எப்போதோ மாற்றிப் பதிவு செய்யாமல் விட்டிருக்கிறார்கள். இன்ஜின் நம்பரும் பொருந்தவில்லை. அனுமதியில்லாமல் இப்படி மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். ஆய்வாளர் என்ன செய்வார்? திருப்பி அனுப்பிவிட்டார். தரகர் அதன் பிறகு போனை எடுக்கவே இல்லை. ஏழு மாதம் வீட்டு வாசலில் நின்ற வண்டியைக் கடைசியில் பாகம் பாகமாக 38,000-க்கு விற்றேன். வீட்டில் பத்து நாள் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. பதினோராவது நாள் மனைவி சொன்னது ஒன்றுதான்: "இனிமே வண்டி பாக்கப் போனா மாமாவையும் கூட்டிக்கிட்டுப் போங்க."

என் அப்பா பிள்ளையார்பாளையத்தில் நாற்பது வருடம் தறியில் உட்கார்ந்தவர். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. எனக்கு அப்போது அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

வாலாஜாபாத் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டில் 1994-ஆம் வருடத்துப் பிரிமியர் பத்மினி ஒன்று இருப்பதாகத் தகவல் வந்தது. பழைய பியட் 1100-தான் அது, 1089 சி.சி., நாற்பதுச் சொச்சம் குதிரைத்திறன். பம்பாயில் டாக்ஸியாக ஓடி ஓடி, கடைசியாக 2023 அக்டோபரில் அங்கே விடைபெற்ற அதே வண்டி. அப்பாவையும், ஓரிக்கையில் ஷெட் வைத்திருக்கும் எழுபது வயது மேஸ்திரி ஒருவரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

நான் போனதும் பெயிண்டைப் பார்த்தேன். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறி, டிரைவர் காலடியில் கிடந்த மேட்டைத் தூக்கினார். "கோர்வை சரியா விழுந்திருக்கான்னு முன்னாடி பாத்தாத் தெரியாதுடா, சேலையைத் திருப்பித்தான் பாக்கணும்" என்றார். மேட்டுக்குக் கீழே தார் அட்டை. அதைக் கிழித்தால் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை, தரை தெரிகிறது. பத்மினிக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, தரைத் தகடும் பக்கவாட்டுப் பெட்டியும்தான் அதன் முதுகெலும்பு. ஆசிரியருக்கே அது தெரியாது, பாவம், அவர் முகம் சுருங்கிவிட்டது. அவராகவே 10,000 ரூபாய் குறைத்தார்.

மேஸ்திரி ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி உடம்பு முழுவதும் வைத்துக்கொண்டே வந்தார். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, வெறும் பட்டிதான் என்று அர்த்தம். பின்சக்கர டிரம்மில் ஆயில் கசிவு இருக்கிறதா, பின்பக்க ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் இடம் துருப்பிடித்திருக்கிறதா என்று படுத்துப் பார்த்தார். பிறகு ஓட்டச் சொன்னார். முன் கியரிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போது 'டக்' என்று அடித்தால் பிராபெல்லர் ஷாப்ட்டின் கிராஸ் தேய்ந்திருக்கிறது. அது சின்னச் செலவு. ஒரே வேகத்தில் போகும்போது பின்னாலிருந்து 'ஊ' என்று ஊளை வந்தால் கிரவுன் பினியன் போய்விட்டது. அது பெரிய செலவு. எங்களுக்கு டக் மட்டும் வந்தது. இறங்கியதும் "அச்சு நேரா இருக்கு" என்றார். தறி வீட்டில் அச்சு என்றால் பாவு நூல் நுழைகிற சீப்பு. அப்பா ஒரு நிமிடம் குழம்பிவிட்டு, "அதுவும் நேரா இருந்தாத்தான் துணி" என்றார்.

நான் ஆர்.சி. புத்தகத்தை வைத்துக்கொண்டு சேஸிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் எழுத்தெழுத்தாகப் படித்தேன், இரண்டு தடவை. சூடு கண்ட பூனை.

விலை 70,000. டிங்கரிங், பெயிண்டுக்கு 55,000. பிரேக், கிராஸ், டயர், ரப்பர் சாமான்கள் எல்லாம் சேர்த்து இன்னொரு 40,000. கையில் உள்ள பணத்தில் பாதிக்கு மேல் வண்டிக்குக் கொடுக்காதீர்கள், தம்பிகளே. பாகங்களைச் சென்னை ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் தேடி எடுத்தோம். இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. பழைய ரப்பர்க் குழாய்கள் அதற்குத் தாங்காமல் ஊறி வெடிக்கும். பெட்ரோல் குழாயை முதல் நாளே மாற்றிவிடுங்கள், இதில் சிக்கனம் பார்த்தால் வண்டி தீப்பிடிக்கும்.

காகித விஷயம் ஒன்று. பதினைந்து வருடம் முடிந்த காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. இருபது வருடம் தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. ஐம்பது வருடம் தாண்டிய வண்டிக்கு 2021-இல் வந்த விதியின்படி வின்டேஜ் பதிவு உண்டு, ஆனால் அந்தப் பதிவில் தினசரி ஓட்ட முடியாது. இதையெல்லாம் கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள். பின்சக்கர வண்டி என்றவுடன் சினிமாவில் வருகிற மாதிரி வட்டமடிக்கலாம் என்று நினைப்பவர்கள் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்குப் போகலாம். பெங்களூர் நெடுஞ்சாலையில் வேண்டாம். என் வண்டியில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான், நிற்பதற்கு முன்கூட்டியே மனு போட வேண்டும்.

வாங்கி மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, பின்பக்கம் முழுவதையும் ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, முன்சக்கரங்களுக்குக் கல் வைத்து, கியரில் போட்டுவிட்டு வலது சக்கரத்தைக் கையால் சுற்றினேன். இடது சக்கரம் எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. இடது சக்கரத்தை மட்டும் தரையில் இறக்கி, கியரை நியூட்ரலில் வைத்து வலதை இரண்டு சுற்றுச் சுற்றினால், ஷாப்ட் நாலு சுற்றும் இன்னும் கொஞ்சமும் சுற்றுகிறது. அதுதான் கடைசிக் கியர் விகிதம். சாக்பீஸால் ஷாப்ட்டில் ஒரு கோடு போட்டு எண்ணினேன். அந்தத் தெருப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து அவனும் எண்ணினான். பதினாறு மார்க் கேள்விக்கு எனக்கு அன்றைக்குத்தான் விடை தெரிந்தது. இரவு அப்பாவிடம் சொன்னேன், அவர் "இதை அந்தக் காலேஜ்ல சொல்லித் தரலியா?" என்று கேட்டார். பேராசிரியர்கள் மன்னிக்கவும்.

மேஸ்திரிக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. பாயிண்ட் இடைவெளி வைக்க அவர் கை நடுங்குகிறது. அவர் சொல்லச் சொல்ல நான் வைக்கிறேன். சத்தத்தைக் கேட்டே "இன்னும் ஒரு மயிரிழை" என்கிறார், கேஜ் வைத்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. அவர் மகன்கள் இருவரும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். ஞாயிறு காலை எட்டிலிருந்து பத்து வரை நானும் அந்தப் பையனும் ஷெட்டில் இருக்கிறோம். இன்னும் இரண்டு பேருக்கு இடம் உண்டு. பழைய சட்டை போட்டுக்கொண்டு வர வேண்டும்.

வண்டியை இன்றைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் வேப்பமரத்தடியில், பின்பக்கம் ஸ்டாண்டில் ஏற்றி நிற்கிறது. சாப்பாட்டுக்கு முன்னால் வந்து சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். மழை வந்தால் யாராவது கண்ணாடியை ஏற்றிவிடுங்கள், இடதுபக்கத்துக் கண்ணாடி பாதிதான் ஏறும்.