இலக்கணம் இல்லாமல் வெல்ல முடியாத ஆட்டம்



சிறு பிள்ளைகளுக்குச் சொற்களையும் இலக்கணத்தையும் விளையாட்டின் மூலமாகக் கற்பிக்கலாம் என்பதை ஆட்சேபிப்பவர் இக்காலத்தில் எவரும் இல்லை. உபாத்தியாயர்கள் ஒப்புக்கொள்கிறார்கள், பெற்றோர்கள் விரும்புகிறார்கள், பிள்ளைகளைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். ஆயினும், கைதட்டலும் சிரிப்புமாக நடந்து முடிந்த ஓர் ஆட்டத்தின் இறுதியில், பிள்ளையின் நாவிலே ஒரு வேற்றுமை உருபாவது ஒரு வினைமுற்றாவது புதிதாக வந்து தங்கியிருக்கிறதா என்று விசாரித்துப் பார்த்தோமானால், பல சமயங்களில் தங்கியிருப்பது உற்சாகம் மட்டுமே என்பதைக் காண்கிறோம். உற்சாகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வகுப்பறை ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பரீட்சை வைக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். அந்தப் பரீட்சை மிக எளியது: நாம் கற்பிக்க எண்ணிய இலக்கணத்தைப் பிரயோகிக்காமலே ஒரு பிள்ளை இந்த ஆட்டத்தில் வென்றுவிட முடியுமா? முடியுமென்றால் அது பாடத்தின் பக்கத்திலே நடந்த பொழுதுபோக்கு. முடியாதென்றால் அதுவே பாடம்.

இந்த விஷயத்தை வெறும் சித்தாந்தமாகப் பேசுவதைவிட ஓர் இடத்தை வைத்துக்கொண்டு பேசுவது நலம் என்று கருதி, நம் சிங்கப்பூர் நகரத்தின் நடுவிலே இருக்கும் டோபி காட் வட்டாரத்தை எடுத்துக்கொள்கிறேன். சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய காலத்தில், இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் அங்கே ஓடிக்கொண்டிருந்த பிராஸ் பாசா ஓடையில் துணி துவைத்து, அருகிலிருந்த திறந்தவெளிப் புல்தரையிலே உலர்த்தினார்கள். அந்த ஓடை பிற்காலத்தில் ஸ்டாம்போர்டு கால்வாயாயிற்று. புல்தரை போய்க் கட்டடங்கள் எழுந்தன. தொழில் மறைந்தும் பெயர் மறையவில்லை. சென்னைக்கு ஒரு வண்ணாரப்பேட்டை இருப்பதுபோல நமக்கு ஒரு டோபி காட் நிலைத்துவிட்டது. 1987ஆம் ஆண்டு டிசம்பரில் அங்கே எம்ஆர்டி ரயில் நிலையம் திறக்கப்பட்டது. 2003இல் வடகிழக்கு ரயில் பாதையும் 2010இல் வட்டப் பாதையும் வந்து சேர்ந்து, மூன்று பாதைகள் கூடுகிற சந்திப்பாயிற்று. நம் பிள்ளைகளில் அந்த நிலையத்தைக் கடந்து போகாதவர்கள் அபூர்வம். தெரிந்த இடத்திலிருந்து தெரியாத மொழிவழக்குக்குப் போவதுதான் போதனா முறையில் பழைய நியாயம்.

இப்படிப்பட்ட ஆட்டங்கள் முற்காலத்தைவிட இக்காலத்தில் ஏன் அதிக அவசியம் என்பதையும் சொல்லிவிடவேண்டும். 1946இல் தொடங்கப்பெற்ற உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியில் படித்த மாணவனுக்குச் சரித்திரமும் கணிதமும் தமிழிலேயே வந்தன. ஒரே வினைச்சொல்லை அவன் ஒரு நாளிலே பல பாடங்களில் பல ரூபங்களில் கேட்டான். அப்பள்ளி 1982இல் மூடப்பட்டது. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மொழியாயிற்று. தமிழ் ஒரு பாடவேளைக்குள் அடங்கிற்று. வீட்டின் நிலையும் மாறிவருகிறது. வீட்டில் அதிகமாகப் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள், 2010ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் 3.3 விழுக்காடாக இருந்து, 2020இல் 2.5 விழுக்காடாகக் குறைந்தார்கள். ஆகையால் முன்பு வீடும் வீதியும் பிற பாடங்களும் கொடுத்துவந்த அப்பியாசத்தை இன்று அந்த ஒரு பாடவேளையே கொடுத்தாகவேண்டியிருக்கிறது. குறுகிய நேரத்தில் ஒரு சொல்வடிவத்தைப் பத்துத் தடவை, சலிப்பில்லாமல், ஒரு நோக்கத்தோடு சொல்லவைக்க ஆட்டத்தைவிடச் சிறந்த உபாயம் இல்லை.

இனி ஆட்டத்துக்கு வருவோம். டோபி காட்டின் பூர்வ சரித்திரத்தைச் சொல்லிய பிறகு, ஆசிரியர் பிள்ளைகளை வட்டமாக நிற்கவைத்து, சலவைத் தொழிலின் வினைகளை நடித்துக் காட்டுகிறார்: நனைத்தல், துவைத்தல், அலசுதல், பிழிதல், உதறுதல், காயப்போடுதல், மடித்தல், தேய்த்தல். வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீட்டின் ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் துணி காய்வதைத் தினந்தோறும் பார்க்கிற பிள்ளைக்கு இவற்றுள் ஒன்றும் அந்நியமான செய்கையல்ல, சொல்தான் புதிது. முதற்பிள்ளை, "சலவைக்காரர் துணியை நனைத்தார்" என்று தொடங்குகிறது. இரண்டாம் பிள்ளை அதைத் திருப்பிச் சொல்லித் தன் பங்குக்கு ஒரு வினையைச் சேர்க்கவேண்டும்: "சலவைக்காரர் துணியை நனைத்து, துவைத்தார்." மூன்றாம் பிள்ளை, "நனைத்து, துவைத்து, அலசினார்." நான்காம் பிள்ளை, "நனைத்து, துவைத்து, அலசி, பிழிந்தார்." இவ்வாறு சங்கிலி நீண்டுகொண்டே போகிறது. முந்திய பிள்ளை சொன்ன வினைமுற்றை வினையெச்சமாக மாற்றாமல் அடுத்த பிள்ளை வாயைத் திறக்கவே முடியாது. நான் சொன்ன பரீட்சையில் இந்த ஆட்டம் தேறிவிடுகிறது.

இதிலே இன்னொரு நயமும் உண்டு. நனைத்தார், அலசினார், பிழிந்தார், போட்டார் என்னும் நான்கையும் காதால் கேட்டுப் பாருங்கள். இறந்தகாலத்தைக் காட்டும் ஒலி ஒன்றிலே 'த்த்' ஆகவும், ஒன்றிலே 'இன்' ஆகவும், ஒன்றிலே 'ந்த்' ஆகவும், ஒன்றிலே 'ட்ட்' ஆகவும் வருகிறது. தமிழ் வினையின் பெரும்பான்மையான போக்குகள் ஒரு சலவைக் கூடைக்குள்ளேயே கிடைக்கின்றன. பட்டியலாக எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிற அதே விஷயத்தை, கையை முறுக்கிப் 'பிழிந்தார்' என்றும் உதறிக் காட்டி 'உதறினார்' என்றும் சொல்லும்போது, கை அறிந்ததை நாவும் அறிந்துகொள்கிறது.

இரண்டாம் சுற்றில் ஆசிரியர் சீட்டுகளை நீட்டுகிறார். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு கர்த்தா: நான், நீ, நாங்கள், பாட்டி, அம்மாவும் அப்பாவும், இயந்திரம், யானை. "நான் துணியை நனைத்து, துவைத்து, அலசினேன், பாட்டி நனைத்து, துவைத்து, அலசினார், இயந்திரம் நனைத்து, துவைத்து, அலசியது." யானை துணி துவைக்கும்போது வகுப்பு சிரிக்கும், சிரித்துக்கொண்டே உயர்திணைக்கும் அஃறிணைக்கும் உள்ள பேதத்தைப் பிரயோகிக்கும். மூன்றாம் சுற்றில் நேற்று, இப்போது, நாளை என்று காலச் சீட்டுகள். அப்பொழுது ஆசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "ஆள் மாறியபோதும் காலம் மாறியபோதும் வாக்கியத்தில் எந்தச் சொல் மாறியது, எந்தச் சொல் மாறாமல் இருந்தது?" எச்சங்கள் எவருக்கும் எக்காலத்துக்கும் வளைந்து கொடுக்காமல் அப்படியே நிற்க, கடைசியில் வரும் முற்று ஒன்றே ஆளுக்கும் காலத்துக்கும் தக்கவாறு மாறுகிறது என்பதைப் பிள்ளைகளே கண்டு சொல்லுவார்கள். விதியை முதலில் சொல்லி உதாரணத்தைப் பின்னால் காட்டுவது பெரியவர்களுக்கு ஏற்ற வழி. பத்து வயதுப் பிள்ளைக்கு உதாரணம் முன்னே போகவேண்டும், விதி அதன் பின்னே வரவேண்டும்.

இலக்கணத்தைக் கண்ணாலும் கையாலும் பிடித்துக்கொள்ளச் செய்த ஓர் அம்மையாரை இங்கே ஞாபகப்படுத்துவது பொருத்தம். இத்தாலி தேசத்து மரியா மாண்டிசோரி 1939ஆம் ஆண்டில் பிரம்மஞான சபையாரின் அழைப்பின்பேரில் சென்னை அடையாற்றுக்கு வந்து, இரண்டாம் உலக யுத்தம் காரணமாக 1946 வரையில் இந்தியாவிலேயே தங்கி, ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவருடைய முறையில் சொல்வகைகளுக்குச் சின்னங்கள் உண்டு. பெயர்ச்சொல்லுக்குக் கறுப்பு முக்கோணம், வினைச்சொல்லுக்குச் சிவப்பு வட்டம். பிள்ளைகள் வாக்கியத்தை எழுதிவிட்டு ஒவ்வொரு சொல்லின்மேலும் அதற்குரிய சின்னத்தை வைப்பார்கள். தமிழுக்கு இதைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளலாம். முற்றுக்கு முழு வட்டம். முடியாமல் நிற்கும் எச்சத்துக்குப் பாதி வட்டம். சலவை வாக்கியத்தின் மேலே பாதி வட்டங்கள் வரிசையாக நின்று, ஈற்றில் ஒரு முழு வட்டம் வந்து அமர்வதைப் பார்க்கிற பிள்ளை, தமிழ் வாக்கியத்தின் அமைப்பையே ஒரு பார்வையில் கண்டுவிடுகிறது.

அடுத்தது வேற்றுமை. இரண்டு பிள்ளைகளை முதுகோடு முதுகாக உட்காரவைத்து, ஒருவரிடம் ரயில் பாதைப் படத்தையும், மற்றவரிடம் வெறும் தாளையும் சிவப்பு, ஊதா, ஆரஞ்சு வண்ணப் பென்சில்களையும் கொடுக்கவேண்டும். படம் வைத்திருப்பவர் வாயால் சொல்ல, மற்றவர் கேட்டு வரையவேண்டும். "டோபி காட் நிலையத்திலிருந்து ஊதாப் பாதையில் போ, அடுத்த நிலையத்தில், லிட்டில் இந்தியாவில், இறங்கு. மறுபடி டோபி காட்டுக்கு வா. சிவப்புப் பாதைக்கு மாறி சோமர்செட்டுக்குப் போ." இலிருந்து, இல், கு என்ற உருபுகள் தவறினால் கோடு தவறிவிடும், கோடு தவறினால் ஆட்டம் தோற்றுவிடும். இதிலே முக்கியமாகக் கவனிக்கவேண்டியது, உருபு ஏறும்போது பெயர்ச்சொல் அடைகிற மாறுதல். நிலையம் நிலையத்தில் என்றும், வீடு வீட்டில் என்றும், ஆறு ஆற்றில் என்றும் ஆகின்றன. தமிழை வீட்டில் அதிகம் கேளாத பிள்ளை சொல்லை மாற்றாமல் உருபை மட்டும் ஒட்டிவிடப் பார்க்கும். ஆகவே படத்திலே மண்டபம், பாலம், ரோடு, ஆறு என்று பலவகை ஈறுகளுள்ள இடங்களையும் ஆசிரியர் வரைந்து வைத்தல் வேண்டும்.

மூன்றாவது, விடுகதை. தொல்காப்பியத்திலே பிசி என்ற பெயரால் இடம்பெற்றுள்ள இந்தக் கலை, நம் பாட்டிமார் வழியாக இன்றளவும் வந்திருக்கிறது. பெயரெச்சம் கற்பிக்க இதற்கு நிகரான சாதனம் இல்லை. டோபி காட் வட்டாரத்துப் பொருள்களைச் சீட்டில் எழுதி, ஒரு பிள்ளை எடுத்துப் பெயரைச் சொல்லாமல் வருணிக்கவேண்டும். வருணனையில் வினை முன்னே வந்து, பெயர் கடைசியில் நிற்கவேண்டும் என்பது நிபந்தனை. "மூன்று பாதைகள் கூடுகிற இடம்." "சலவைக்காரர்கள் துணி துவைத்த ஓடை." "1943ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி நேதாஜி சுதந்திர இந்தியத் தற்காலிக அரசாங்கத்தைப் பிரகடனம் செய்த கட்டடம்." இந்த மூன்றாவதற்கு விடை கேத்தே கட்டடம் என்பதை வகுப்பிலே ஒரு பிள்ளையும் அறியாமல் போனாலும் நஷ்டம் இல்லை, வீட்டுக்குப் போய்த் தாத்தாவைக் கேட்பதற்கு ஒரு காரணம் கிடைக்கும். ஆங்கிலத்தில் சிந்திக்கிற பிள்ளை கட்டடத்தை முதலில் சொல்லிவிட்டு அதன் கதையைப் பின்னால் சொல்ல விரும்பும். தமிழோ கதையை முன்னே சொல்லி, கட்டடத்தைக் கடைசியில் காட்டுகிறது. விடுகதையின் சுபாவமும் அதுவே.

லகர ளகர ழகர பேதத்துக்கு ஒரு சிற்றாட்டம் போதும். அறையின் மூன்று மூலைகளில் மூன்று எழுத்துகளை ஒட்டி, ஆசிரியர் தலை, தளை, தழை என்றாற்போல் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் உரிய மூலைக்கு ஓடவேண்டும். பிறகு ஒரு பிள்ளை சொல்ல, ஆசிரியர் ஓடவேண்டும். உச்சரிப்பில் சிரத்தை தானாக உண்டாகும்.

ஆட்டத்தின் நடுவிலே பிழை திருத்தலாமா என்று சிலர் கேட்பார்கள். 2005இல் வெளிவந்த தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழுவின் அறிக்கை, பேச்சுத் தமிழுக்கு வகுப்பில் உரிய ஸ்தானம் அளிக்கவேண்டுமென்று பரிந்துரைத்தது. அது விவேகமான யோசனை. ஆட்டத்தின் வேகத்தில் 'துவைச்சாரு' என்று சொல்லும் பிள்ளை பிழை செய்யவில்லை. வாழ்கிற தமிழைப் பேசுகிறது. அதை அப்படியே ஏற்றுக்கொண்டு, ஆட்டம் முடிந்தபின் குறிப்பேட்டில் எழுதும்போது 'துவைத்தார்' என்று மாற்றச் சொல்வதே ஒரு தனி அப்பியாசமாகும். ஆனால் 'இயந்திரம் துவைத்தான்' என்று வந்தால், பிள்ளையை நிறுத்தாமல், "ஆமாம், இயந்திரம் துவைத்தது, பிறகு?" என்று சரியான வடிவத்தைத் தம் வாயால் சொல்லி ஆசிரியர் ஆட்டத்தை நகர்த்திவிடலாம். கூச்சமுள்ள பிள்ளைக்குச் சங்கிலியின் தொடக்கத்திலே இடம் கொடுப்பதும், சாமர்த்தியமுள்ள பிள்ளைக்கு நீண்ட கடைசி வாக்கியத்தை விடுவதும், எல்லோரையும் ஆட்டத்துக்குள் வைத்திருக்கும்.

ஒருமுறை ஆடியது போதாது என்பதை மட்டும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். கற்றது எவ்வளவு விரைவாக மறந்துபோகிறது என்பதை ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ் தம்மையே பரிசோதனைக்கு உட்படுத்தி ஆராய்ந்து 1885இல் நூலாக வெளியிட்டார். மறதி முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நிகழ்கிறது என்பது அவர் கண்ட முடிவு. ஆகையால் திங்கட்கிழமை சலவை ஆட்டத்தில் வந்த வினைகள் மறுநாள் விடுகதையிலும், அடுத்த வாரம் சமையல் ஆட்டத்தின் புது வினைகளோடு கலந்தும் திரும்பி வரவேண்டும். நறுக்கி, வதக்கி, கொதிக்கவைத்து, இறக்கினார் என்று சமையலறையிலும் அதே சங்கிலி ஓடுமல்லவா? பெற்றோருக்கு இங்கேதான் பங்கு இருக்கிறது. துணி மடிக்கும்போதும் ரயிலில் போகும்போதும் ஐந்து நிமிஷம் இந்தச் சங்கிலியை ஆடினால், பள்ளி செய்ய முடியாத காரியத்தை வீடு செய்துவிடும்.

ஆசிரியர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே. நாளைக்கு வகுப்பில் என்ன ஆட்டம் நடத்தலாம் என்று தேடத் தொடங்குமுன், இந்த வாரம் பிள்ளைகளின் நாவில் ஏறவேண்டிய ஒரே ஒரு இலக்கணக்கூறு எது என்பதை நிச்சயித்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு, அது இல்லாமல் வெல்ல முடியாதபடி ஆட்டத்தின் நிபந்தனையை அமையுங்கள். சீட்டும் பென்சிலும் ரயில் படமும் எல்லாப் பள்ளிகளிலும் இருக்கின்றன. யோசித்து வைக்கவேண்டியது அந்த நிபந்தனை ஒன்றுதான்.