குலத்தொழிலும் சுயேச்சைப் படமும்
(செக்காலைப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் சாரம்)



சினிமாவைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் உங்களில் சிலர் சிரிக்கிறீர்கள். சிரிப்பது நியாயந்தான். பெரியார் அவர்கள் சினிமாவை நாட்டைப் பிடித்த நோயாகவே கருதி வந்தவர். நடிகன் படத்துக்குக் குடம் குடமாய்ப் பாலைக் கொட்டும் மடமையை நாமும் கண்டித்தே வருகிறோம். ஆனால், நோயைத் திட்டிக்கொண்டிருந்தால் மட்டும் போதுமா? அத்தொழிலுக்குள்ளேயே பிறந்து வளர்ந்து, அதன் போக்கிற்கு மாறாக நின்ற ஒருவரைப் பற்றிச் சொல்லுவதும் நமது கடமையல்லவா? அவர்தான் பி. லெனின்.

அந்தக் குடும்பத்துக்கும் காரைக்குடிக்கும் சம்பந்தமில்லாமலில்லை. தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ வைத்து 1947-ல் 'நாம் இருவர்' எடுத்த ஏவி. மெய்யப்பன் அவர்கள், சென்னைக்குப் போன பின் 1960-ல் வெளியிட்ட 'களத்தூர் கண்ணம்மா'வின் டைரக்டர் ஏ. பீம்சிங். 'பாசமலர்', 'பாவமன்னிப்பு', 'பாலும் பழமும்' ஆகிய மூன்றையும் 1961 என்ற ஒரே ஆண்டில் கொடுத்தவரும் அவரே. அவர் தொழில் பழகியதோ கிருஷ்ணன்-பஞ்சு என்னும் இருவரிடம். 1952-ல் 'பராசக்தி'யை எடுத்து, கோயிலுக்குள் நடக்கும் அக்கிரமத்தைக் கொட்டகையிலேயே சந்திக்கு இழுத்தார்களே, அவர்களேதான். அந்த பீம்சிங்கின் மகன் லெனின். இன்னொரு மகன் பி. கண்ணன் பெயர் பெற்ற ஒளிப்பதிவாளர்.

இங்கே ஒரு கேள்வி பிறக்கிறது. தகப்பன் தொழிலை மகன் செய்வது குலத்தொழில் அல்லவா? 1953-ல் ஆச்சாரியார் கொண்டுவந்த குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்து ஒழித்த இயக்கம் இதை எப்படிப் பாராட்டும்? நல்ல கேள்வி. குயவன் மகனுக்குத் தகப்பன் தொழில் ஒரு தளை. நட்சத்திரத்தின் மகனுக்கோ அது சொத்து. இரண்டிலும் பிறவிக்குத்தான் மதிப்பே தவிர, அறிவுக்கும் உழைப்புக்கும் மதிப்பில்லை. ஆகவே பீம்சிங் மகன் என்பதற்காக லெனினை நாம் ஒரு வார்த்தைகூடப் புகழ மாட்டோம். கைக்குக் கிடைத்த தொழிலை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்தார் என்பதே விஷயம்.

அவர் கற்றது படத்தொகுப்பு. பிலிம் காலத்தில் ஒரு நிமிஷக் காட்சிக்கு 90 அடிச் சுருள் ஓடும். எடுத்த சுருளில் வேண்டாததை வெட்டியெறிந்து, வேண்டியதை ஒட்டுவது அவர் வேலை. 'உதிரிப்பூக்க'ளை (1979) அவரும், 'நாயக'னை (1987) அவரும் வி.டி. விஜயனும் தொகுத்தார்கள். 'காதலன்' (1994) படத்தொகுப்புக்கு இருவருக்கும் தேசிய விருது கிடைத்தது. அதோடு நின்று சம்பாதித்திருந்தால் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

அவரோ ஒரு குத்துச்சண்டை வீரனைப் பற்றி 'நாக் அவுட்' என்ற குறும்படத்தைத் தாமே தயாரித்து எடுத்தார். முதற்படத்துக்கான 1992-ஆம் ஆண்டின் தேசிய விருது அதற்குக் கிடைத்தது. 2001-ல் ஜெயகாந்தன் கதையை 'ஊருக்கு நூறு பேர்' என்று படமாக்கினார். சிறந்த டைரக்டர் என்ற தேசிய விருதும் பெற்றார்.

ஜெயகாந்தன் நமது இயக்கத்தைக் கடுமையாகத் தாக்கியவர். அதனால் என்ன? சொன்னவன் யார் என்று பார்த்து விஷயத்தைத் தள்ளுவது புரோகிதன் புத்தி. அப்படம் மரண தண்டனையைப் பற்றிக் கேள்வி கேட்கிறது. நாமும் கேட்கிறோம்: மனிதன் எழுதும் தீர்ப்பில் பிசகு வராதா? பிசகென்று பிறகு தெரிந்தால், சிறையிலிருப்பவனை வெளியே விடலாம்; தூக்கிலிட்டவனை எழுப்ப முடியுமா? அவன் தலைவிதி என்று கையை உதறிவிடுவதா பகுத்தறிவு?

ஆனால், இம்மாதிரிப் படங்களுக்கு வியாபாரக் கொட்டகைகளில் இடமில்லை. நட்சத்திரமில்லாவிட்டால் கதவு திறப்பதில்லை. ஏன்? நாம் நட்சத்திரத்துக்கு மட்டுமே காசு கொடுக்கிறோம். கொட்டகைக்காரனை மட்டும் வைது என்ன பயன்? கேரளத்தில் ஜான் ஆபிரகாமும் அவருடைய ஒடேஸா தோழர்களும் ஊர் ஊராய்ப் பொதுமக்களிடம் காசு தண்டி 1986-ல் 'அம்ம அறியான்' எடுத்தார்கள். ஊர் ஊராய்க் கொண்டுபோய்க் காட்டவும் செய்தார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

தோழர்களே! திருவிழாவுக்கும் வாணவேடிக்கைக்கும் இந்தச் சீமையில் தலைக்கட்டு வரி தண்டுவதைக் காண்கிறோம். அதில் பத்தில் ஒரு பங்கு போதும். மாதம் ஒருமுறை ஒரு வெள்ளைத் திரை கட்டி இப்படிப்பட்ட படமொன்றைக் காட்டலாம். பார்த்த பின் பெண்கள் உட்பட எல்லோரும் எழுந்து தம் அபிப்பிராயத்தைச் சொல்லட்டும். படத்தையும் கண்டியுங்கள், நம்மையும் கண்டியுங்கள். கும்பிட மட்டும் வேண்டாம், லெனினையுங்கூட! பார்த்து, யோசித்து, வேண்டாததை வெட்டிவிட்டு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகிறோம்.