பிள்ளைகள் எடுத்த மர்மப் படத்தை மதிப்பிடுவது எப்படி?



தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். பாயைச் சுருட்டிக்கொண்டு மாலையிலேயே இடம் பிடிப்போம். துப்பறியும் படமாக இருந்தால், கொலை செய்தவன் யார் என்று இரவெல்லாம் பேச்சு. மறுநாள் பால் நிறுக்கும் கொட்டகையிலும் அதே பேச்சு நடக்கும். அன்று நாம் பார்ப்பவர்களாக மட்டும் இருந்தோம். இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியை வைத்துக்கொண்டு தாங்களே படம் எடுக்கிறார்கள். எடுத்த படத்தை நம்மிடம் காட்டி, “எப்படி இருக்கிறது?” என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது என்பதே இன்றைய உரையின் பொருள்.

கிள்ளானுக்கு அப்பால், செம்பனைத் தோட்டத்தில் உள்ள ஒரு தமிழ்ப் பள்ளியில் நாங்கள் ஆசிரியர்களாகப் பணிபுரிகிறோம். எங்களிடம் படித்து, இப்போது இடைநிலைப்பள்ளியில் படிவம் நான்கில் இருக்கும் ஐந்து மாணவர்கள் ஒரு சனிக்கிழமை மாலை வந்தார்கள். மர்மப் படம் ஒன்றின் தொடக்கத்தை மட்டும் எடுத்திருப்பதாகச் சொன்னார்கள். மொத்தம் 2 நிமிடம் 10 வினாடி. கிள்ளானில் ரயில் ஏறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலைக் கடைகளின் பின்சந்தில் மாலை மங்கும் நேரத்தில் படம் பிடித்திருந்தார்கள். பெற்றோரையும் அழைத்து, பள்ளி மண்டபச் சுவரில் அதைப் போட்டுக் காட்டினோம்.

வானொலியில் படம் காட்ட இயலாது, சொல்லிக் காட்டுகிறோம். இருண்ட சந்து. காலடி ஓசை. வெள்ளைச் சட்டை அணிந்த ஒருவர் கையில் பையுடன் வேகமாக நடக்கிறார். திரும்பிப் பார்க்கிறார், யாரும் இல்லை. மறுபடி நடக்கிறார். சுவர் ஓரத்தில் ஓர் இளைஞன் நிற்கிறான். மழித்த தலை, கழுத்தில் கனத்த சங்கிலி, கன்னத்தில் தழும்பு. அவன் கையில் பாராங் கத்தி மின்னுகிறது. ஓர் அலறல். திரை இருளுகிறது. சிவப்பு எழுத்தில் படத்தின் பெயர் வருகிறது.

எல்லாரும் கை தட்டினார்கள். நாங்களும் தட்டினோம். “நன்று, நூற்றுக்கு எழுபது” என்றோம். இப்போது எண்ணிப் பார்த்தால், அது மதிப்பீடே அன்று. எதற்கு எழுபது, எதற்காக முப்பது குறைந்தது என்று கேட்டிருந்தால் எங்களிடம் விடை இல்லை. படம் எடுத்த பிள்ளைக்கு எண் உதவாது. எந்த இடம் வேலை செய்தது, எந்த இடம் செய்யவில்லை, ஏன் என்பதுதான் உதவும்.

இங்கிலாந்தில் உயர்நிலை ஊடகக் கல்வியில் இப்படி ஒரு பயிற்சி இருந்தது. மாணவர்கள் ஒரு படத்தின் முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் தயாரிக்க வேண்டியிருந்தது. பிறகு தாங்கள் செய்ததைத் தாங்களே மதிப்பிட்டு எழுத வேண்டியிருந்தது. இவ்வகைப் படங்களின் வழக்கத்தைப் பின்பற்றினீர்களா, மாற்றினீர்களா? எந்தச் சமூகத்தாரை எப்படிக் காட்டினீர்கள்? யார் பார்ப்பதற்காக எடுத்தீர்கள்? கருவிகளைக் கையாண்டு என்ன கற்றீர்கள்? இவை போன்ற கேள்விகளுக்கு அவர்கள் விடை எழுதினார்கள். இந்தக் கேள்விகளைக் கேட்கப் பெரிய படிப்பு தேவையில்லை. நம் வீட்டிலேயே கேட்கலாம்.

அடுத்த சனிக்கிழமை அந்த ஐவரையும் மீண்டும் அழைத்தோம். அதே படத்தை மூன்று முறை பார்ப்பதென்று முடிவு செய்தோம். முதல் முறை ஒலியோடு. இரண்டாம் முறை ஒலியை அடைத்துவிட்டு. மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேட்பது.

ஒலி இல்லாமல் பார்த்தபோது முதல் குறை தெரிந்தது. பையுடன் நடப்பவரை ஐந்து காட்சிகளாக எடுத்திருந்தார்கள். ஐந்தும் ஒரே தூரத்தில் நின்று எடுத்தவை. அவர் முகத்தில் பயம் இருக்கிறதா என்று தெரியவில்லை. பையை அவர் விரல்கள் எப்படிப் பற்றியிருக்கின்றன என்பதும் தெரியவில்லை. ஓர் அண்மைக் காட்சி, அதாவது முகத்தையோ கையையோ அருகில் சென்று எடுத்த காட்சி, அங்கே வேண்டும் என்று பிள்ளைகளே சொன்னார்கள்.

கண்ணை மூடிக் கேட்டபோது வேறொன்று தெரிந்தது. ஒரு பிரபலமான தமிழ்ப் படத்தின் பின்னணி இசையை எடுத்து ஒட்டியிருந்தார்கள். இசை வந்தவுடன் நமக்கு அந்தப் படம்தான் நினைவுக்கு வருகிறது. இவர்கள் படம் மறைந்துபோகிறது. அதோடு, பிறர் இசையை அனுமதி இல்லாமல் எடுத்துப் பொதுவில் வெளியிடுவது உரிமைச் சட்டப்படி தவறு. ஆனால் இசை நின்று, ரயில் ஓசை தூரத்தில் கேட்கும் ஒரு நான்கு வினாடி இருந்தது. அதைக் கேட்ட எல்லாருக்கும் உடல் சிலிர்த்தது. “அதை நாங்கள் வேண்டுமென்று வைக்கவில்லை, ஐயா. வெட்டும்போது தவறி வந்துவிட்டது” என்றான் ஒரு பையன். தவறி வந்த நன்மையை அடையாளம் கண்டு வைத்துக்கொள்வதும் மதிப்பீட்டின் பயன்தான்.

இவையெல்லாம் கைவேலை பற்றியவை. இவற்றைவிடப் பெரிய கேள்வியை ஆசிரியர்களாகிய நாங்கள் கேட்கவில்லை. அதைக் கேட்டவர் ஒரு தாய். கத்தியோடு நின்ற இளைஞனாக நடித்தவன் அவருடைய மகன். அவர் தோட்டத்தில் உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கும் வேலை செய்பவர். மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்தவர் எழுந்து நின்றார்.

“ஐயா, படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா கத்தி எடுக்கிறவன் மட்டும் ஏன் நம்ம லயத்துப் பையன் மாதிரியே இருக்கணும்?”

படத்தை இயக்கிய மாணவி சொன்னாள்: “சினிமாவுல வில்லன்னா அப்படித்தானே அத்தை இருப்பான்? அப்பத்தானே பார்த்ததும் பயம் வரும்?”

“அதான் கேக்குறேன். என் பெரியவன் வேலைக்கு மனு குடுக்கப் போனா, தோட்டத்து முகவரியைப் பார்த்ததும் ஆளை ஒரு தடவை மேலயும் கீழயும் பாக்குறாங்க. அந்தப் பயத்தை நீங்களும் சேர்ந்து வளர்க்கணுமா?”

மண்டபத்தில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. எழுபது மதிப்பெண் கொடுத்த எங்களுக்கு வெட்கமாக இருந்தது. அந்தத் தழும்பையும் சங்கிலியையும் நாங்கள் கேள்வியே இல்லாமல் ஏற்றுக்கொண்டிருந்தோம்.

நேயர்களே, குற்றக் கதையின் தொடக்கம் ஒரு கேள்வியை எழுப்ப வேண்டும். யார் செய்தார்? ஏன் செய்தார்? கத்தியோடு நிற்பவனைக் கறுத்த முகமும் தழும்பும் வைத்து முதல் நிமிடத்திலேயே காட்டிவிட்டால், கேள்வி எழுவதற்கு முன்பே விடை வந்துவிடுகிறது. அந்த விடையும் நாம் பல படங்களில் பார்த்துப் பழகிய விடை. ஆகவே அந்தத் தாய் கேட்டது நியாயம் பற்றிய கேள்வி மட்டும் அன்று. படத்தின் திறமை பற்றிய கேள்வியும்தான்.

இதற்கு நம் தமிழ்த் திரையிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 1954இல் வெளிவந்த ‘அந்த நாள்’ என்ற படம். ஏவி.எம். நிறுவனம் தயாரிக்க, வீணைக் கலைஞர் எஸ். பாலசந்தர் இயக்கினார். ஜப்பானியர் சென்னை மீது குண்டு வீசிய 1943ஆம் ஆண்டில் கதை நடக்கிறது. படம் தொடங்கியதுமே துப்பாக்கி வெடிக்கிறது. சுடப்பட்டுச் சாய்பவர் சிவாஜி கணேசன். கதாநாயகனே முதலில் இறந்துவிட்டால் பிறகு என்ன படம் என்று பார்ப்பவர் திகைக்கிறார். பின்னர் மனைவி, தம்பி, அண்டை வீட்டார் என்று ஒவ்வொருவராகத் தத்தம் கதையைச் சொல்லச் சொல்ல, இறந்தவன் யார் என்பது தெரிகிறது. அவன் படித்தவன், அழகன், வானொலிப் பொறியாளன். தன் நாட்டின் இரகசியத்தை எதிரிக்கு விற்றவனும் அவனே. குற்றத்துக்கு அந்தப் படம் கொடுத்த முகம், யாரும் ஐயப்படாத முகம். பாட்டும் நடனமும் சண்டையும் இல்லாத அந்தப் படம் அன்று வசூலில் தோற்றது. ஆயினும் தேசியத் திரைப்பட விருதில் தகுதிச் சான்றிதழ் பெற்றது, இன்றும் பேசப்படுகிறது.

இன்னொரு படம் ஜெர்மனியில் 1931இல் ஃபிரிட்ஸ் லாங் எடுத்தது. அதன் பெயர் ‘எம்’ என்ற ஒற்றை எழுத்து. அடுக்கு வீட்டில் ஒரு தாய், பள்ளியிலிருந்து வரும் மகளுக்காகச் சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைக்கிறாள். தெருவில் சிறுமி ஒரு தூணில் பந்தை அடித்து விளையாடுகிறாள். அந்தத் தூணில் கொலைகாரனைப் பிடித்துக் கொடுப்போருக்குப் பரிசு என்ற அறிவிப்பு. அதன் மேல் ஒரு மனிதனின் நிழல் விழுகிறது. அவன் சிறுமிக்குப் பலூன் வாங்கிக் கொடுக்கிறான். தாய் மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். ஆளில்லாத மாடிப்படி. உண்ணப்படாத தட்டு. புல்லில் உருண்டு வந்து நிற்கும் பந்து. கம்பியில் சிக்கிய பலூன். அவ்வளவுதான். கத்தியும் இல்லை, இரத்தமும் இல்லை. பிள்ளை வரும் வழியைப் பார்த்துக் காத்திருந்த எந்தத் தாய்க்கும் அந்தக் காலித் தட்டு போதும்.

அப்படியானால் நம் இளைஞர்களைக் குற்றவாளிகளாகக் காட்டவே கூடாதா? அப்படிச் சொல்வதும் சரியன்று. குண்டர் கும்பலில் நம் பிள்ளைகள் சிலர் சிக்கியது உண்மை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் வேலையும் வீடும் இழந்து, பட்டணத்தின் ஓரங்களில் குடியேறிய கதையும் உண்மை. இதை எடுத்துச் சொன்ன மலேசியத் தமிழ்ப் படம் 2015இல் வந்த ‘ஜகாட்’. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கியது. கெட்டவன் என்று பொருள்படும் மலாய்ச் சொல்லை நம் மக்கள் பேசும் வகையில் தலைப்பாக வைத்தார்கள். 1990களில் வாழும் ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுவன் எப்படிக் கும்பலின் பக்கம் சாய்கிறான் என்பதே கதை. 2016இல் 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்பட விருதைப் பெற்றது. அதிலும் நம் இளைஞர் கையில் ஆயுதம் உண்டு. ஆனால் அந்தக் கைக்கு அது எப்படி வந்தது என்று படம் காட்டுகிறது. குற்றத்தின் காரணத்தைக் காட்டுகிறோமா, குற்றவாளியின் தோற்றத்தை மட்டும் காட்டுகிறோமா என்பதுதான் அளவுகோல்.

எங்கள் மாணவர்கள் என்ன செய்தார்கள்? ஒரு மாதம் கழித்து மறுபடி எடுத்து வந்தார்கள். தழும்பும் சங்கிலியும் இல்லை. சந்தில் நடப்பவரின் கை பையை இறுகப் பற்றுவது அருகில் தெரிகிறது. ரயில் ஓசை வருகிறது. அடுத்து ஒரு லயத்து வீட்டில் மூடி வைத்த சோற்றுத் தட்டு. மறுபடி சந்து, பை மட்டும் தரையில் கிடக்கிறது, அதற்குள் கைப்பேசி ஒலித்துக்கொண்டே இருக்கிறது. யாரும் எடுக்கவில்லை. படத்தின் பெயர் வருகிறது.

இதிலும் குறை உண்டு. லயத்து வீட்டுக் காட்சியில் வெளிச்சம் போதவில்லை. கத்தி எடுத்து நடித்த பையனுக்கோ இன்னும் மனவருத்தம். “நான் நன்றாகத்தானே நடித்தேன், என் காட்சியை எடுத்துவிட்டார்களே” என்கிறான். அவனுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. கதை வளரும்போது அவனுக்கு நடிக்க முழு மனிதனாக ஒரு பாத்திரம் எழுத வேண்டும் என்று மாணவி தன் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறாள். அந்தக் குறிப்பேட்டில் இன்னொரு வரியும் உண்டு: வில்லனின் உருவத்தைத் தான் யோசித்து வைக்கவில்லை என்றும், பார்த்த படங்களிலிருந்து தன்னை அறியாமல் எடுத்துக்கொண்டதாகவும் எழுதியிருக்கிறாள். எந்த மதிப்பெண்ணும் இதைக் கற்பித்திருக்காது.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை படம் எடுத்து வந்தால், “நேரத்தை வீணாக்காதே” என்றும் சொல்ல வேண்டாம். “பிரமாதம்” என்று சொல்லி முடித்துவிடவும் வேண்டாம். உடன் அமர்ந்து பாருங்கள். நான்கு கேள்வி கேளுங்கள். எந்த இடத்தில் எனக்குப் பயம் வர வேண்டும் என்று நினைத்தாய்? அதற்கு என்ன செய்தாய்? கெட்டவன் ஏன் இந்த உருவத்தில் இருக்கிறான்? மறுபடி எடுத்தால் எதை மாற்றுவாய்? விடையைப் பொறுமையாகக் கேளுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பொது இடத்தில் கத்தியையோ துப்பாக்கி போன்ற பொருளையோ வைத்துப் படம் எடுக்கப் பிள்ளைகளை விடாதீர்கள். நம் நாட்டின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் போலி ஆயுதங்களையும் கட்டுப்படுத்துகிறது. வழியில் போகிறவர்களும் உண்மையென்று எண்ணி அஞ்சுவார்கள். எங்கள் மாணவர்கள் முதல் முறை பாராங்குடன் சென்றது தவறு. அதைக் கேட்டுத் தடுக்காதது எங்கள் தவறு.

அந்தத் தாய் எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் படித்தவர் அல்லர். தம் மகன் திரையில் யாராகத் தெரிகிறான் என்று பார்த்தார். மனத்தில் பட்டதை எழுந்து கேட்டார். நீங்களும் கேளுங்கள். பிள்ளைகள் பதில் தேடுவார்கள்.