மூக்கில் போட்ட ஊசி



எங்களிடம் படித்த பெண் ஒருத்தி, கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கையில், பட்டணத்து அழகு நிலையமொன்றில் மூக்குக்கு 'ஃபில்லர்' ஊசி போட்டுக்கொண்டாள். மாப்பிள்ளை வீட்டில் யாரோ சப்பை மூக்கு என்றார்களாம். சொன்னவரின் மூக்கை நாங்கள் பார்த்திருக்கிறோம், அது இருக்கட்டும்.

அன்று மாலையே மூக்கோரம் வெளுத்து, தாங்க முடியாத வலி. பிறகு வலை பின்னியதுபோல் நீலம் பாய்ந்தது. தாயார் மஞ்சள் அரைக்க உட்கார்ந்துவிட்டார். நாங்கள் விடவில்லை; பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடித்தோம்.

பால் ஓடும் தகரத்தில் கட்டிப்பால் அடைத்துக்கொண்டால் மங்குக்குப் பால் இறங்குமா? அதுபோல, ஊசிப்பொருள் இரத்தக் குழாயை அடைத்தால் அதை நம்பியிருக்கும் சதை செத்துப்போகும். மூக்கின் குழாய்கள் கண்ணின் குழாய்களோடு தொடர்புடையவை. பார்வை இழந்தவர்களும் உண்டு.

அவளுக்குப் போட்டது ஹையலூரானிக் அமிலம். அதைக் கரைக்க ஹையலூரானிடேஸ் என்ற மருந்து உண்டு. அதையே வெளுத்த இடமெங்கும் திரும்பத் திரும்ப ஏற்றினார்கள். நிறம் திரும்பியது, சிறு தழும்பு நின்றுவிட்டது. சிலிகான் திரவமாக இருந்திருந்தால் இம்மருந்து கரைத்திராது. ஆகவே, போட்ட மருந்தின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பார்வை மங்கினால், பெயருக்காகக்கூட நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

நம் நாட்டில் இவ்வூசியைப் போடத் தகுதிச் சான்று பெற்ற மருத்துவருக்கே அனுமதி. அழகு நிலையத்தாருக்கு இல்லை.